கணக்கு வர அடி மருந்தல்ல!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள். சென்ட்ரல் ரெயில் நிலையத்தில் துணிப்பையோடு ஒரு சிறுவனைப் பார்த்தேன். கணக்கில் பெயில். "அப்பா தோலை உரிச்சிடுவாரு சார்" என்றான்.

அப்பாக்களே! உங்களுக்கு அல்ஜீப்ரா தெரியாதா? பரவாயில்லை. பாஸ் மார்க் 35. வடிவியல் படம் ஒன்று, கிராஃப் ஒன்று. இரண்டுக்குமே சேர்த்து 16 மார்க்!

தினமும் அரை மணி பக்கத்தில் உட்காருங்கள். காம்பசும் ஸ்கேலும் கொடுத்து ஒரு படம் போடச் சொல்லுங்கள். "எப்படிடா போட்டே? எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். எங்கே திக்குகிறானோ, அங்கேதான் கோளாறு. அதை மறுநாள் வாத்தியாரிடம் கேட்டு வரட்டும்.

டி.வி.யை அணையுங்கள். பெல்ட் இடுப்பிலேயே இருக்கட்டும்!