நடுவரி தவறு

‘ஆறும் காலைக் கட்டாதீர்கள்’ என்று போன இதழில் ஒருவர் பதறியிருக்கிறார். முறிந்த எலும்பு கூடுவதற்கு ரத்தம் வேண்டும். பட்டை கட்டினால் ரத்தம் நின்றுவிடும். ஆகவே ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தித் தரும் பயிற்சி, முறிந்த காலுக்குச் செய்யும் துரோகம். வாதம் மூன்றே வரி. நடுவரி தவறு.

ரத்தம் நிற்பதில்லை. தமனியை முழுதாக அடைக்க அந்தக் காலுக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்று அளந்து, அதில் 40 முதல் 80 சதவீதம்தான் தொடைப் பட்டையில் ஏற்றுவார்கள். உள்ளே வரும் ரத்தம் குறையும். சிரை வழியே திரும்புவது தடைபடும். 30, 15, 15, 15 முறை என்று நான்கு சுற்றுப் பயிற்சி, நடுவே அரை நிமிட ஓய்வு. முடிந்ததும் காற்றை இறக்கிவிடுவார்கள். கட்டுரையைப் படித்தவரோ நாள் முழுக்கக் கட்டிப்போடுகிறார்கள் என்றே நம்பியிருப்பார்.

கட்டுரையாளர் மெச்சும் அறுவைச் சிகிச்சையிலேயே, காலில் பிளேட் வைக்கும்போது டூர்னிக்கே கட்டி ரத்தத்தை அடியோடு நிறுத்துவது உண்டு, சில சமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக. அதற்கு வாய் திறக்காதவர், சில நிமிட அரைகுறை அழுத்தத்துக்கு ஒப்பாரி வைக்கிறார்.

ரத்தம் உறைந்து உயிர் போகுமாம். எத்தனை பேருக்கு என்று சொல்ல மனம் வரவில்லை. 2006இல் வெளியான ஜப்பானியக் கணக்கெடுப்பில், இந்தப் பயிற்சி செய்த 12,642 பேரில் சிரையில் ரத்தம் உறைந்தது 0.055 சதவீதம். அவர்கள் எல்லோரும் அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர் என்பதால் இதை வைத்து நானும் மார்தட்ட மாட்டேன். முன்பு ரத்தம் உறைந்தவர்களை விலக்கிவிட்டே தொடங்க வேண்டும்.

‘எடை தூக்கினால் தசை தானாக வரும்’ என்பது இவர் தரும் மாற்று. முழங்காலை ஒட்டிக் கீழ்க்கால் எலும்பான டிபியா நொறுங்கியவரைப் பல வாரம் காலை ஊன்றவே விடமாட்டார்கள்; தொடைத்தசை அதற்குள் சூம்பிவிடும். உச்ச எடையில் 70 சதவீதத்தை அவர் எப்படித் தூக்குவார்? 20, 30 சதவீதத்தோடு தசையை உழைக்க வைப்பதற்குத்தான் பட்டை. வெறும் சிற்றெடையைவிட இதில் வலு கூடுகிறது, கனத்த எடை அளவுக்கு இல்லை என்கிறது 2017இன் தொகுப்பாய்வு. கனம் தூக்க முடிந்தவர் தாராளமாகத் தூக்கட்டும்.

‘அமெரிக்க ஜிம் மோகம்’ என்ற ஏளனம் வேறு. இது ஜப்பானில் பிறந்தது. 1973இல் பனிச்சறுக்கில் கணுக்கால் முறிந்த யோஷியாகி சாட்டோ, மாவுக்கட்டோடு தன் காலிலேயே சோதித்துப் பார்த்தார். அமெரிக்காவில் இதைக் கையிலெடுத்தவர்களில் சான் அன்டோனியோ ராணுவ மறுவாழ்வு மையத்தாரும் உண்டு. அவர்களிடம் வந்தவை போரில் சிதைந்த கால்கள்.

அளவே பார்க்காமல் ரப்பர் பட்டையை இறுக்கும் பயிற்சியாளர்களையும், எலும்பே சீக்கிரம் கூடும் என்று ஆதாரமில்லாமல் விற்பவர்களையும் இவர் திட்டியிருக்கலாம். அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.