ஆக்ஸிஜன் சென்சார் என்ன பாவம் பண்ணுச்சு?

டேஷ்போர்டுல மஞ்சளா எஞ்சின் படம் போட்ட விளக்கு எரிஞ்சா நம்மூர்ல ரெண்டே வைத்தியம்தான். ஒண்ணு, "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று கண்டுக்காம விடுறது. இன்னொண்ணு, ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, அதுல எந்தப் பேர் வருதோ அந்தப் பொருளைக் கழட்டி மாத்துறது. முதலாவது சோம்பேறித்தனம், மன்னிச்சுடலாம். ரெண்டாவதுதான் எனக்குக் கடுப்பு. அதில் அநியாயத்துக்குப் பலியாகிற ஆசாமி ஆக்ஸிஜன் சென்சார்.

இந்த ஆசாமி யாருன்னு முதல்ல பார்த்துடுவோம். 1976-ல் பாஷ் கம்பெனி தயாரிச்சு, வோல்வோ கார்ல முதன்முதலா வந்தது. ஒரு பக்கம் எஞ்சின் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் ஜிர்கோனியா பீங்கான். ரெண்டு பக்கமும் ஆக்ஸிஜன் அளவு வித்தியாசப்பட்டா வோல்டேஜ் வரும். ப்ளஸ் டூ வேதியியல்ல மனப்பாடம் பண்ணின நெர்ன்ஸ்ட் சமன்பாடு ஞாபகம் இருக்கா? அது தினமும் உங்க சைலன்சர் குழாயில வேலை பார்க்குது மக்களே! பெட்ரோல் அதிகமானா 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று அதிகமானா 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். இதைப் பார்த்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்கைப் பிடிச்சு வைக்குது.

சரி, மேட்டருக்கு வருவோம். எங்கப்பாவோட கார் 2014 மாடல், பெட்ரோல். விளக்கு எரிஞ்சது. ஸ்கேன் பண்ணினா பி0171. "ரெண்டு ஆக்ஸிஜன் சென்சாரும் போச்சு சார், 14 ஆயிரம் ஆகும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிட்டாங்க. அந்தக் கோடுக்கு அர்த்தம் என்ன? "கலவையில் காற்று அதிகமா இருக்கு." அவ்வளவுதான். சென்சார் இங்கே சாட்சி. திருடனைப் பார்த்தேன்னு வந்து சொன்னவனையே பிடிச்சு உள்ளே போடுற கதையா இருக்கு.

கையில ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் இருந்தது. மொபைல்ல ஃப்யூல் ட்ரிம் பார்த்தேன். அதாவது, கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டியோ குறைச்சோ ஊத்துதுன்னு சொல்ற எண். பொதுவா 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ஐடிலிங்ல 22 சதவீதம் கூடுதல், 2500 ஆர்பிஎம்-ல வெறும் 6. சென்சாரே பொய் சொன்னா இப்படி ஆர்பிஎம் பார்த்தா மாத்தி மாத்திச் சொல்லும்? எங்க வண்டியில் காற்றை அளக்கிற சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கு. அதைத் தாண்டி எங்கேயாவது ஓட்டை இருந்தா, கணக்குல வராத காற்று உள்ளே போகும். ஐடிலிங்ல எஞ்சின் இழுக்கிற காற்றே கொஞ்சம், அதனால சின்ன ஓட்டைகூடப் பெரிசாத் தெரியும். தேடினா, ரப்பர் ஹோஸ்ல அடிப்பக்கம் வெடிப்பு. சில நூறு ரூபாயில வேலை முடிஞ்சது. பெட்ரோல் பம்ப் பலவீனமா இருந்திருந்தா தலைகீழா, ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏற அந்த எண் கூடியிருக்கும்.

அப்போ சென்சார் போகவே போகாதா? போகும். அடுத்த வருஷமே அதே வண்டியில் பி0135 வந்தது. இது ஹீட்டர் கோடு. கிட்டத்தட்ட 300 டிகிரி சூடு ஏறினாத்தான் சென்சார் ஒழுங்கா வேலை செய்யும், அதுக்காக உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. ஃப்யூஸ் நல்லா இருக்கு, கனெக்டர் வரைக்கும் 12 வோல்ட் வருது, ஆனா ஹீட்டர் ஒயர் ரெண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வெச்சா தொடர்பே இல்லை. இது ஆதாரம். முன்பக்க சென்சாரை மட்டும் மாத்தினோம். முந்தின நாள் ராத்திரி துரு இளக்கும் எண்ணெய், அப்புறம் எஞ்சின் லேசா சூடா இருக்கும்போது 22 எம்எம் ஸ்பேனர். மரையில் மட்டும் ஆன்ட்டி-சீஸ், நுனியில் படக்கூடாது. சிலிக்கான் பேஸ்ட் கிட்டவே வரக்கூடாது, அது சென்சாருக்கு விஷம். ஒயரை வெட்டி சால்டர் பண்ற வேலையும் வேண்டாம். பல சென்சார்கள் வெளிக்காற்றை ஒயர் வழியாத்தான் எடுத்துக்குது.

பின்பக்க சென்சாரோட கதை வேற. அது கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கண்காணிக்க இருக்கு. முன்பக்கத்தது மாதிரியே அதுவும் ஏறி இறங்கி ஆடினா, போனது கன்வர்ட்டர். பின்பக்க சென்சாரை மாத்திப் பிரயோஜனமில்லை. மாத்தாம சும்மா கோடை மட்டும் அழிச்சுட்டுப் போறது, பக்-ஐ விட்டுட்டு லாக் ஃபைலை டெலிட் பண்ற மாதிரி. கலவையில் பெட்ரோல் கூடிப்போய் அப்படியே ஓட்டினா கன்வர்ட்டர் காலி. அதோட விலையைக் கேட்டா சென்சார் விலை சில்லறை.

இதுக்கெல்லாம் மெக்கானிக்கை மட்டும் திட்டி ஒரு பதிவு போடுறது சுலபம். என் கருத்து வேற. நாமும் ஒரு காரணம். பொட்டி தட்டுற நமக்குத் தெரியாததா? ரெண்டு நாள் தேடி ஒரு வரி மாத்துவோம், அந்த ரெண்டு நாளுக்கும் டைம்ஷீட் போடுவோம். அதே ஒரு மெக்கானிக் "ஒரு மணி நேரம் தேடி ஹோஸ் வெடிப்பைக் கண்டுபிடிச்சேன், 500 ரூபாய் குடுங்க" என்றால், "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?" என்போம். தேடினதுக்குக் கூலி இல்லை, மாத்தினாத்தான் காசு என்றால் அவர் மாத்தத்தான் செய்வார். வேற என்ன பண்ணுவார்?

அதனால அடுத்த முறை ஒர்க்‌ஷாப் போனா வாயைத் திறந்து சொல்லுங்க: "அண்ணே, கண்டுபிடிக்கிற நேரத்துக்குத் தனியா காசு தர்றேன். என்ன டெஸ்ட் பண்ணி இதுன்னு முடிவு பண்ணீங்கன்னு காட்டிட்டு மாத்துங்க. பழைய பார்ட்டை என்கிட்டக் குடுங்க." எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கிற ஒருத்தர் கிடைச்சா அவரை விட்டுடாதீங்க.

டிஸ்கி: ஹீட்டரோட ஓம்ஸ் மாடலுக்கு மாடல் மாறும், உங்க வண்டி சர்வீஸ் மேனுவலைப் பாருங்க. சைலன்சர் கொதிக்கிறப்போ கை வெச்சுட்டு என்னைத் திட்டி பின்னூட்டம் போடக்கூடாது, ஆமா!