அது விட்னி பாட்டு இல்லீங்கோ

போன வெள்ளிக்கிழமை குர்காவ்ன்ல எங்க ஆபீஸ் பார்ட்டி. வழக்கம்போல பனீர் டிக்கா, கரோக்கி, கூச்சல். ஒரு பொண்ணு 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடி முடிச்சதும் எங்க டீம் அறிவுஜீவி, "விட்னி ஹூஸ்டன் எழுதினதுலயே இதான் பெஸ்ட்"னு திருவாய் மலர்ந்தார். எழுதினது டாலி பார்ட்டன்னேன். "யாரு, அந்த விக் வெச்ச அம்மாவா? அது மாட்டுக்காரன் பாட்டுல்ல பாடும்"னு ஒரே சிரிப்பு. (நான் சண்டைக்காரன் இல்லை. ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.)

ஆமாய்யா, விக் வெச்ச அம்மாதான். 1946-ல டென்னஸி மலைப்பக்கம் 12 பிள்ளைகள்ல நாலாவதா பொறந்தவங்க. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கூலி ஒரு மூட்டை சோளமாவு. 1964-ல ஸ்கூல் முடிச்ச மறுநாளே நாஷ்வில் போயிட்டாங்க. 1967-லேர்ந்து போர்ட்டர் வேகனரோட டிவி நிகழ்ச்சி. சில வருஷம் ஆச்சு, தனியாப் போகணும்னா மனுஷன் விடமாட்டேங்கறார். பேசிப் பேசிப் பார்த்துட்டுக் கடைசியில எழுதின பாட்டுதான் இது. காதலனுக்கு இல்லை சாமி, முதலாளிக்கு! நாம 'பர்சனல் ரீசன்ஸ்'னு ரெண்டு வரி மெயில் தட்டறோமே, அந்த ஜாதி.

1974-ல கன்ட்ரி பட்டியல்ல முதலிடம். எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். அவர் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் ஒரு கண்டிஷன் போட்டார்: பாட்டோட பதிப்புரிமைல பாதியை எழுதிக் குடுக்கணும். அம்மணி முடியாதுன்னுட்டாங்க. ராத்திரி பூரா அழுதாங்களாம், ஆனா குடுக்கலை.

இதைச் சொன்னா நம்மாளு, "எல்விஸையே விட்டுட்டாங்களா, லூசா?"ங்கறார். யார் லூசு? 1992-ல 'தி பாடிகார்ட்' படத்துல விட்னி பாடி, அமெரிக்கப் பட்டியல்ல 14 வாரம் முதலிடம். விட்னி பிரமாதமாப் பாடினாங்க, அதுல தகராறே இல்லை. ஆனா எழுதினவங்களுக்கான ராயல்டி பங்கு போகாம டாலிக்கு வந்தது. கம்பெனியில சேர்ந்த அன்னிக்கே, எழுதப்போற கோடு அத்தனையும் கம்பெனிக்கேன்னு படிக்காமக் கையெழுத்துப் போட்ட நாமதான் அவங்களை லூசுங்கறோம். நல்லா இருக்குய்யா நியாயம்.

இன்னொண்ணு. இவங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வருத்தத்துல 1995-ல சின்னப் பசங்களுக்கு இலவசப் புத்தகம் அனுப்ப ஆரம்பிச்சாங்க. இதுவரை 20 கோடிக்கு மேல போயிருக்கு. விக்கு மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது.

திங்கட்கிழமை அறிவுஜீவிக்கு 1974 ஒலிப்பதிவை அனுப்பினேன். கத்தலே கிடையாது, நடுவுல பாடாம சும்மா பேசுவாங்க. மூணு நிமிஷம்கூட வராது. இன்னும் கேக்கலையாம். மீட்டிங்காம்.