கைக்குத்தான் தெரியவில்லை

இருபது வருடம் சி மொழியில் ஊறிய நண்பர் ஒருவர், பைத்தான் கற்றுக்கொண்டு எழுதிய முதல் புரோகிராமைக் காட்டினார். சரியாகத்தான் ஓடியது. ஆனால் ஒரு பட்டியலில் உள்ள பெயர்களை அச்சிட, முதலில் பட்டியலின் நீளத்தை அளந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் உள்ளே கைவிட்டுப் பெயரை எடுத்திருந்தார். 'பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும்' என்று நேராக எழுதவே பைத்தான் இடம் தருகிறது. அது அவருக்கும் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. எண்ணுவதற்கு அவர் வைத்த மாறியின் பெயர் ஐ.

அந்த ஐ-க்கு வயது அதிகம். ஐ (I) முதல் என் (N) வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் மாறிகள் முழு எண்கள் என்று 1957-ல் வெளிவந்த ஃபோர்ட்ரான் விதித்தது. கணிதத்தில் அதற்கு முன்பே இருந்த வழக்கம்தான்; கம்ப்யூட்டருக்குள் அதை நிலைநாட்டியதில் ஃபோர்ட்ரானுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஐபிஎம்மில் ஜான் பேக்கஸின் குழு ஃபோர்ட்ரானை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அன்றைய புரோகிராமர்கள் அதை நம்பவில்லை. எந்திரத்தின் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்தவர்கள் அவர்கள். சூத்திரத்தை எழுதிக் கொடுத்தால் எந்திரமே கட்டளைகளைத் தயாரித்துக்கொள்ளும் என்றால், தங்கள் வேலைக்கு ஈடாகுமா என்று கேட்டார்கள். இதைத் தொழில் கர்வம் என்று ஒதுக்குவது சுலபம். கர்வமும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன் வந்த தானியங்கி முறைகள் உண்மையிலேயே மந்தமானவை. பழைய எந்திரங்களில் ஃப்ளோட்டிங் பாயின்ட் கணக்கையே மென்பொருளால்தான் போட வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்துக்குள் இந்த மந்தமும் ஒளிந்துகொண்டது. புதிய ஐபிஎம் 704 எந்திரமோ அந்தக் கணக்கை வன்பொருளிலேயே முடித்துவிட்டது. இனி ஒளிய இடமில்லை.

பேக்கஸுக்கு இது நன்றாகவே தெரியும். கையால் எழுதியதன் வேகத்தை நெருங்காவிட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்பதால், குழுவின் உழைப்பில் பெரும்பகுதி வேகத்துக்கே போனது. சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில், சூத்திரத்தை மொழிபெயர்க்கும் கம்பைலர் தந்த கட்டளைகளைப் பார்த்து அதை எழுதியவர்களே திகைத்தார்கள். நம்ப மறுத்த அந்தப் பழைய கைகள் இல்லாவிட்டால் இவ்வளவு நல்ல கம்பைலர் பிறந்திருக்காது என்பது என் கணிப்பு.

இருபது வருடம் கழித்து, 1977-ல் டூரிங் விருது வாங்கிய பேக்கஸ், தன் விருது உரையில் தன் வாரிசுகளையே குறை சொன்னார். மெமரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கும் பழக்கத்திலேயே மொழிகள் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்பது அவர் புகார். என் நண்பரின் ஐ செய்ததும் அதுதானே! மாற்றாக அவர் முன்வைத்த மொழி பரவவில்லை. அதில் இருந்த எண்ணங்கள் வேறு மொழிகள் வழியாக மெல்ல வந்து சேர்ந்தன.

இப்போது அந்தப் புதிய மொழிகளின் வரிசையில் ரஸ்ட். 2015-ல் அதன் முதல் நிலையான பதிப்பு வந்தது. 1991 முதல் பெரும்பாலும் சி-யிலேயே வளர்ந்த லினக்ஸ் கெர்னலுக்குள் 2022 டிசம்பரில் நுழைந்தது. நானும் அதைக் கற்க உட்கார்ந்தேன். ஒரு சரத்தை ஒரு பெயரில் வைத்து, அதை இன்னொரு பெயருக்குக் கொடுத்து, அடுத்த வரியில் பழைய பெயரால் அச்சிடச் சொன்னேன். கம்பைலர் மறுத்தது. பொருள் எந்த வரியில் கைமாறியது, அதற்குப் பிறகு எங்கே தொட்டேன் என்று கோடு போட்டுக் காட்டியது.

சி-யில் பாயின்டரை அப்படிக் கொடுத்தால் இரண்டு பெயரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்தை யார் விடுவிப்பது என்பதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை அது நினைவு தப்பி, இரண்டு இடத்தில் விடுவித்துவிட்டு, புரோகிராம் எங்கே விழுகிறது என்றே தெரியாமல் மூன்று இரவு விழித்திருக்கிறேன்.

கல்லூரியிலிருந்து நேராக ரஸ்டுக்கு வந்த பையன் அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்ததும் வரியைத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அதில் பாதி, அந்த மூன்று இரவுகளை நினைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்ததில் போனது.