பர்மா காட்டிய "சமதர்மம்"

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்தால் கடல் கடந்து பிழைக்கப் போவதென்பது பழைய இராமநாதபுரம் ஜில்லாக்காரர்களுக்குப் புதிதுமல்ல. அப்படிப் பர்மாவுக்குப் போய் இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், வயலில் கதிர் அறுத்தவர்களும் கடைசியில் அடைந்த பலன் என்ன என்பதைத் தோழர்கள் யோசிக்க வேண்டுமென்றே இதை எழுதுகின்றோம்.

1962-ம் வருஷம் மார்ச்சு 2-ந் தேதி ஜெனரல் நே வின் ராணுவ பலத்தால் ஆட்சியைப் பிடித்தார். "பர்மியப் பாதையில் சமதர்மம்" என்பதாக ஒரு கொள்கையும் வெளியிட்டார். 1963-ல் பாங்குகளும், 1964-ல் கடைகளும் சர்க்கார் உடைமையாயின. அதே 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தொழிலுக்கெல்லாம் சர்க்காரே எஜமான் ஆனபின், அந்த எஜமான் "நீ அந்நியன்" என்று கதவைச் சாத்தினால் தட்டுவதற்கு வேறு கதவு ஏது? லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

பணக்காரன் சொத்துப் போனதற்காக நாம் கண்ணீர் விட வரவில்லை. 1930-களில் நெல் விலை விழுந்தபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் காற்பங்கு நிலம் செட்டிமார் கைக்குப் போயிற்று. பர்மியக் குடியானவன் வயிறெரிந்ததில் நியாயமுண்டு. ஆனால் வட்டி வாங்கினவனுக்கும் மூட்டை தூக்கினவனுக்கும் வித்தியாசம் பாராமல் ஒரே முத்திரை குத்துவது எந்தச் சமதர்மத்தில் சேர்ந்தது?

1982-ல் வந்த பிரஜா உரிமைச் சட்டமோ, 1823-க்கு முன்பே குடியிருந்த இனத்தாரைத்தான் பிறவிப் பிரஜைகள் என்றது. மற்றவர்களுக்கு இரண்டாந்தரம், மூன்றாந்தரம். அவர்களை முக்கியப் பதவிகளில் நம்ப முடியாதென்று நே வின் பகிரங்கமாகவே பேசினார். 1988-ல் அவர் பதவி விட்டுப் போனார், சட்டம் போகவில்லை. பாட்டனுக்குப் பாட்டன் வந்த வருஷத்தைப் பார்த்து வேலை கொடுப்பதற்கும், முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று தொழில் பிரிக்கும் மனுதர்மத்திற்கும் என்ன பேதம்?

"வகுப்புவாரி உத்தியோகம் கேட்ட நீங்களும் பிறவியைத்தானே பார்த்தீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். சென்னை மாகாணத்தில் 1921-ல் உத்தரவு பிறந்து 1928-ல் அமுலுக்கு வந்த அந்த ஏற்பாடு, வெளியே நிறுத்தப்பட்டவனை உள்ளே அழைத்தது. பர்மாச் சட்டம் உள்ளே இருந்தவனை வெளியே தள்ளியது. இரண்டும் ஒன்றாகுமா?

கடைசியாக நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம். இன்று பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் நம்மூருக்குக் கூலி வேலைக்கு வருகிறவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கின்றோம்? என்ன கூலி கொடுக்கின்றோம்? இரங்கூனில் நம் பாட்டன் பட்ட அவமானத்தை அவனுக்குக் கொடுப்போமானால், நே வினைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை ஏது?