கூலியன்று, கடன் தவணை

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்திலுள்ள பெரும் இமயமலைத் தேசியப் பூங்காவுக்குள், குஷைனி ஊரிலிருந்து தீர்த்தன் ஆற்றோரமாக ஒரு நடைபாதை செல்கிறது. கூடாரத்தையும் உணவையும் முதுகில் சுமந்து அப்பாதையில் செல்வோருள் சிலர், உள்ளூர் வழிகாட்டிக்கும் சுமையாளுக்கும் தரும் கூலியை வீண்செலவு என்கின்றனர். நாம் அக்கருத்தை ஏற்கவில்லை.

அப்பள்ளத்தாக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் ஆடு மேய்த்தும் மூலிகை திரட்டியும் வாழ்ந்தவர்கள். 1999-ஆம் ஆண்டு பூங்கா முறைப்படி அறிவிக்கப்பட்டபோது அவ்வுரிமைகள் முடிவுக்கு வந்தன. 2014-இல் யுனெஸ்கோ அப்பூங்காவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெருமை நாட்டுக்கு வந்தது. அதற்கான விலையை அவர்களே செலுத்தினர்.

எனினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மகளிர் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் சேமித்துக் குழுக்களை வளர்த்தனர். இளைஞர் பலர் வழிகாட்டிகளாயினர்.

ஆகவே, நாம் தருவது நன்கொடையன்று. பழைய கடனின் ஒரு தவணை. மேலும், மழையில் ஓடை பெருகினால் எங்கே கடப்பது, எப்போது காத்திருப்பது என்பதை வரைபடம் சொல்லாது, அவ்வூரார் சொல்வர்.

பயணச் செலவைத் திட்டமிடும்போது இத்தொகையை முதல் வரியிலேயே எழுதுவோம். கைப்பேசித் தொடர்பு எட்டாத இடமாதலால் ரொக்கமாகவே கொண்டு செல்வோம். பேரம் பேசிக் குறைக்காதிருப்போம்.