சேலம் வார்டில் இருந்தவர்களின் கதையை யார் எழுதுவது?

2020 மார்ச் 25ஆம் தேதி அன்றைய தமிழக சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் ட்விட்டரில் ஒரு தகவல் வெளியிட்டார். புதிதாக ஐந்து பேருக்கு கொரோனா. நால்வர் இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். ஐந்தாமவர் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த சென்னைக்காரர். மார்ச் 22 முதல் சேலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனிமையில் வைக்கப்பட்டிருந்தார்கள். தகவல் அவ்வளவுதான். அந்த ஐவரும் யார், எதற்காக ஊரைவிட்டு வந்தார்கள், அந்த அறையில் நாட்களை எப்படிக் கழித்தார்கள் என்று யாராவது பொறுமையாக விசாரித்து எழுதியதை நாம் வாசித்ததில்லை.

அடுத்த ஒரே வாரத்தில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் தலைப்புச் செய்தியானது. தினமும் மாலையில் எண்ணிக்கை வந்தது. அதில் டெல்லி சென்று திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது தனியாக எண்ணப்பட்டது. பிறகு அதற்கு 'சிங்கிள் சோர்ஸ்' என்று ஒரு பெயரும் வந்தது. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஏப்ரல் தொடக்கத்தில் வேண்டுகோள் விடுத்தார் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் அதற்குள் எண்ணிக்கை தெருவுக்கு இறங்கிவிட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அந்தக் கணக்கில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், அடைத்துக் கிடந்த ஒரு கடையும், தடுப்புக் கட்டை வைத்த ஒரு தெருவும் இருந்தன. அவை கணக்கில் வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு வீடியோ பரவியது நினைவிருக்கும். வண்டிக்குள் இருக்கும் ஒருவர் காவலர் மீது எச்சில் துப்புகிறார். மர்கஸிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர் என்றார்கள். அது மர்கஸ் விவகாரம் வெடிப்பதற்கு முன்பே, பிப்ரவரியில், மும்பையில் ஒரு விசாரணைக் கைதியை எடுத்த காட்சி என்று செய்திச் சரிபார்ப்பாளர்கள் நிறுவினார்கள். யார் எடுத்தது, எங்கே, எப்போது? மதரஸாவில் ஹதீஸ் பாடம் படிக்க உட்காரும் மாணவன் முதலில் கற்றுக்கொள்கிற கேள்விகள் இவை. அறிவிப்பாளர் தொடர் இல்லாத செய்தியை நம் இமாம்கள் தொட மாட்டார்கள். கோடிக்கணக்கானோர் பார்க்கும் தொலைக்காட்சிகள் அந்தக் கேள்விகளைக் கேட்கவே இல்லை.

நீதிமன்றங்கள் பிறகு பேசின. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 31 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை முடித்துவைத்தது. ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, பேரிடர் காலத்தில் அரசுகள் பலிகடா தேடுவதுண்டு என்றும், இவர்கள் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்றும் கருத்துக் கூறி முதல் தகவல் அறிக்கைகளை ரத்து செய்தது. ஊடகங்களின் பிரச்சாரத்தையும் கண்டித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்ய 2025 ஜூலை ஆகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், தீர்ப்புகள் வந்தன. ஆனால் தீர்ப்பு என்பது குற்றம் இல்லை என்று சொல்லும் காகிதம். அந்த மனிதர் யார் என்று அது சொல்லாது.

நம் தரப்பு பதிலும் இந்த இடத்தில்தான் தடுமாறியது. குணமடைந்த தப்லீக் சகோதரர்கள் பிளாஸ்மா தானம் செய்ததும் வாட்ஸ்அப் முழுக்கப் போஸ்டர்கள். நல்ல செயல், மகிழ்ச்சியான செய்தி, சந்தேகமில்லை. ஆனால் வில்லன் என்று எழுதியிருந்த இடத்தில் தியாகி என்று மாற்றி எழுதினால், நடுவில் இருந்த மனிதர் மறுபடியும் காணாமல் போகிறார். பயந்தவர் இருந்திருப்பார். மனைவியிடம் சொல்லாமல் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவரும் இருந்திருக்கலாம். அவரையும் சேர்த்து எழுதினால்தான் வாசிக்கிறவர் நம்புவார்.

இப்படி எழுதுவதற்குக் கதைசொல்லும் இதழியல் என்று பெயர். அதன் பெயர் பெற்ற உதாரணம் ஹிரோஷிமாவைப் பற்றியது. அணுகுண்டு விழுந்து ஓராண்டு வரை அமெரிக்கர்கள் பார்த்ததெல்லாம் காளான் வடிவப் புகையும் இறந்தவர் எண்ணிக்கையும்தான். ஜான் ஹெர்சி என்ற செய்தியாளர் 1946இல் அங்கே போய், உயிர் பிழைத்த ஆறு பேரிடம் பேசினார். ஓர் அலுவலகப் பெண், தையல் வேலை செய்த ஒரு விதவை, இரண்டு மருத்துவர்கள், இரண்டு கிறிஸ்தவ மதகுருமார்கள். குண்டு விழுந்த நொடியில் யார் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதிலிருந்து தொடங்கினார். 'நியூயார்க்கர்' இதழ் ஆகஸ்ட் 31ஆம் தேதியிட்ட இதழ் முழுவதையும் அந்த ஒரே கட்டுரைக்கு ஒதுக்கியது. எதிரி நாடு என்று இருந்த இடத்தில் அதை வாசித்தவர்கள் ஆறு மனிதர்களைப் பார்த்தார்கள்.

நமக்கு இது புதிது அல்ல. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் நீண்ட அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். தபூக் போருக்குப் போகாமல் பின்தங்கியதைத் தாமே சொல்கிறார். உடல்நலமும் வசதியும் இருந்தும் இன்று கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்று நாள் தள்ளியதை மறைக்கவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் பொய்க் காரணம் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம், சொல்லவில்லை. ஐம்பது நாட்கள் ஊரே பேசவில்லை. நெருங்கிய உறவினர் அபூகதாதாவின் தோட்டச் சுவரேறிச் சென்று ஸலாம் சொல்லியும் பதில் இல்லை. கஸ்ஸான் மன்னனின் கடிதம் ஆசை காட்டி வருகிறது. அடுப்பில் போட்டு எரிக்கிறார். இதை அறிவிப்பவர் யார்? முதுமையில் பார்வை இழந்த தந்தையைக் கைப்பிடித்து நடத்திய மகன். நாள் கணக்கு, சுவர், அடுப்பு, சொன்னவர் பெயர் எல்லாம் இருக்கின்றன. தவறையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்த உண்மை இன்றும் நெஞ்சைத் தொடுகிறது.

ஆபத்தும் உண்டு. கூட்டத்தை அழவைக்க ஹதீஸை இட்டுக்கட்டிய கதைசொல்லிகளைப் பற்றி இப்னுல் ஜவ்ஸி தனி நூலே எழுத வேண்டியிருந்தது. 1981இல் எட்டு வயதுப் போதை அடிமைச் சிறுவனைப் பற்றி எழுதி புலிட்சர் விருது வாங்கிய 'வாஷிங்டன் போஸ்ட்' செய்தியாளர் ஜேனட் குக், அந்தச் சிறுவனே கற்பனை என்று தெரிந்ததும் விருதைத் திருப்பித் தர நேர்ந்தது. ஒருவரின் மானம் காக்கப் பெயரை மறைக்கலாம், அதை வாசகரிடம் சொல்லிவிட்டு. நடக்காததை நடந்ததாக எழுத முடியாது, நம் சமுதாயத்துக்கு நன்மை என்றாலும்.

ஆகவே கோட்டையிலும் கிச்சிப்பாளையத்திலும் நாமக்கல்லிலும், 2020இல் வார்டுக்குப் போய்த் திரும்பிய பெரியவர்களிடம் உட்கார வேண்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டார் ஜன்னலை மூடினாரா, திறந்துவைத்தாரா? பால் பாக்கெட்டை யார் வாங்கித் தந்தது? ஏப்ரல் 25இல் பிறந்த ரமலானில் ஸஹருக்கு எழுப்பியது யார்? அவருக்கு மருந்து கொடுத்த செவிலியரிடமும் இதே கேள்விகளைக் கேட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். ஆலிம் பட்டத்தோடு கல்லூரிப் படிப்பும் முடித்த இளைஞர்கள் நம் மஹல்லாக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், செய்யக் கூடியவர்கள். பெரியவர்களோ வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுக் கதையை மட்டும் எழுதினால் போதாது. 2025 ஜூலையில், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்கள் வழியாகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. கட்சிகளோ அது திருட்டா முறைகேடா என்று சொல்லுக்குச் சண்டையிட்டன. அந்த வாதத்தில் தறி ஓட்டுகிறவரின் விலாவில் இருக்கும் தழும்பு தெரியாமல் போனது. வட்டி ஹராம் என்று ஜும்ஆ மேடையில் பேசும் நாம், வாரத் தவணை வசூலிக்க வருகிறவர் அந்தத் தெருவில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கதவைத் தட்டுகிறார், அப்போது வீட்டுக்காரம்மா எங்கே போய் நிற்கிறார் என்று பள்ளிபாளையத்துக்குப் பேருந்து ஏறிப்போய்க் கேட்டு எழுதியாக வேண்டும்.